விலை ஏறும், அது யார் தலையில் விழும்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். குடியிருக்க வீடு கட்டியவர்களை நினைத்துச் சொன்ன பழமொழி அது. வாடகைக்கு விடுவதற்கும் பிற்காலத்தில் விற்பதற்கும் வீடு வாங்குகிறவருக்கு அது இன்னும் கடுமையாகப் பொருந்தும். சொந்த வீட்டைக் கட்டுகிறவருக்குச் செலவு கூடினால் கையிருப்பு கரையும். ஆனாலும் குடியிருக்க ஒரு கூரை மிஞ்சும். முதலீட்டுக்காகக் கட்டுகிறவருக்குச் செலவு கூடினால் முதலில் இலாபம் போகும், பிறகு முதல் போகும், அதற்கும் மேலே போனால் வங்கிக் கடன் மட்டும் மிஞ்சும்.

பினாங்கில், குறிப்பாக ஜார்ஜ்டவுனில், பழைய கடைவீடு ஒன்றை வாங்கிச் சீரமைத்து வாடகைக்கு விட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அண்ணன் தம்பிகள் பணத்தைச் சேர்த்துப் போடுகிறார்கள். பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்ததும் சிலர் இறங்குகிறார்கள். கூரை பிரித்த நிலையில் பணம் தீர்ந்து போனால் என்ன ஆகும் என்பதுதான் இவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சிமெண்டு விலையையும் இரும்பு விலையையும் தனிமனிதர் யாரும் நிறுத்த முடியாது. ஆனால் ஏறுகிற விலை யார் தலையில் விழ வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பெருமளவுக்குத் தீர்மானித்துவிட முடியும். புதிய முதலீட்டாளர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது.

செலவு ஏன் ஏறுகிறது?

மலேசியாவில் ஒரு காலத்தில் இரும்புக் கம்பிக்கும் சிமெண்டுக்கும் அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்திருந்தது. 2008 மே மாதத்தில் இரும்புக்கும், அடுத்த ஜூன் மாதத்தில் தீபகற்ப மலேசியாவில் சிமெண்டுக்கும் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அதன் பிறகு உலகச் சந்தையில் இரும்பு ஏறினால் உள்ளூர்க் கடையிலும் அது தெரிகிறது.

கூலியும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டாகவும் 2025-இல் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. தொழிலாளிக்கு இது நியாயமான உயர்வு. ஆனால் கட்டுமானக் கணக்கில் அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரு லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் தாவியது. மணலும் கல்லும் லாரியில்தான் வருகின்றன.

வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு இதில் விலக்கு உண்டு. வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள சிறு குத்தகையாளர்களும் இதில் வரமாட்டார்கள். ஆனால் வாணிபக் கட்டடம் என்று பதிவான கடைவீட்டுக்குப் பெரிய குத்தகையாளரை அமர்த்தும்போது, சொன்ன விலை வரியோடு சேர்ந்ததா, வரி தனியா என்று கேட்காமல் இருக்கக் கூடாது.

மூன்று வாசல்கள்

வீட்டு முதலீட்டில் நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றிலும் விலையேற்றம் வேறு வேறு தலைகளில் விழுகிறது.

முதலாவது, மேம்பாட்டாளரிடம் புதிய வீட்டைக் கட்டுமானத்துக்கு முன்பே வாங்குவது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் வாசகத்தை அரசாங்கமே வகுத்திருக்கிறது. அதில் வீட்டின் விலை உறுதியானது. நாளைக்கு இரும்பு ஏறிவிட்டது என்று சொல்லி மேம்பாட்டாளர் கூடுதல் பணம் கேட்க முடியாது. ஏற்றம் அவர் தலையில் விழுகிறது. அப்படியானால் வாங்குபவருக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, வேறு உருவத்தில். சுமை தாங்காத மேம்பாட்டாளர் வேலையைப் பாதியில் நிறுத்தலாம். ஆகவே அவருடைய உரிமம், விளம்பர அனுமதி, முன்பு கட்டி முடித்த திட்டங்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டி முடிந்து ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்குவது. இங்கே கட்டுமான ஆபத்து மிகக் குறைவு. வர்ணம், குழாய், மின்கம்பி என்று சிறு பழுதுதான் இருக்கும். முதல் முறை முதலீடு செய்கிறவருக்கு இது பாதுகாப்பான வாசல்.

மூன்றாவது, பழைய வீட்டை வாங்கித் தானே சீரமைப்பது. இங்கே ஏறுகிற ஒவ்வொரு காசும் முதலீட்டாளர் தலையில்தான் விழும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை. ஜார்ஜ்டவுன் கடைவீடு இந்த மூன்றாவது வாசலில்தான் இருக்கிறது.

கடைவீட்டுக்குள் ஒளிந்திருக்கும் செலவு

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் பழுதுக்கு ஒரு வரலாறு உண்டு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டிப் போட்டிருந்தது. குறைந்த வாடகையால் ஏழைகளும் சிறு வியாபாரிகளும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. ஆனால் வாடகை உயராத வீட்டுக்குப் பழுது பார்க்க உரிமையாளர் பலர் முன்வரவில்லை. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. பல குடும்பங்கள் வெளியேறின, பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்று ஒரு கடைவீட்டின் கூரையைப் பிரிக்கும்போது வெளிப்படுவது பல ஆண்டுகளாகத் தள்ளிப் போடப்பட்ட பழுதாகவும் இருக்கலாம்.

எவையெவை ஒளிந்திருக்கும்? மரச்சட்டம் சுவருக்குள் நுழையும் முனையில் கரையான் இருக்கும்; வெளியே பார்த்தால் மரம் நன்றாகத் தெரியும். தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் விரிசல் இருந்தால் அண்டை வீட்டாரின் சம்மதமும் தேவைப்படும். முற்றத்து வடிகால் அடைத்திருக்கும். மின்கம்பிகள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். இவற்றில் ஒன்றுகூட 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று வாய்வழியாகச் சொல்லப்படும் விலைக்குள் அடங்காது.

இதோடு பாரம்பரிய விதிகளும் சேர்கின்றன. 2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஒன்றாக இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர். அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். 2016 செப்டம்பரில் இந்தப் பகுதிக்கான சிறப்புத் திட்டம் அரசிதழில் வெளியிடப்பட்டது. கட்டடங்கள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது அந்த வகையைப் பொறுத்தது. லெபோ பாசாரில் மசாலைக் கடையாக இருந்தாலும், லெபோ ஆர்மேனியனில் தங்குவிடுதியாக இருந்தாலும், பினாங்கு மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கினால் நிறுத்த உத்தரவு வரும். நின்ற வேலைக்கும் வட்டி ஓடும்.

பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான் பொருந்தும். ஆங்கிலேயர்கள் 'சுனாம்' என்று சொல்லி வந்த பூச்சு நம்முடைய சுண்ணாம்புதான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதற்கு மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் குறைவு, கூலி அதிகம். ஆனால் மலிவு என்று சிமெண்டைப் பூசியவர் சில ஆண்டுகளில் சுரண்டி எடுக்கவும் கூலி கொடுக்க வேண்டும், மறுபடி பூசவும் கூலி கொடுக்க வேண்டும்.

பழைய கட்டடம் அவசரத்துக்கு மசியாது என்பதற்கு லெபோ லீத்தில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையே சான்று. சிதைந்து கிடந்த அந்த நீல மாளிகை 1990-களில் பொறுமையாக மீட்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதுகளில் முதலிடம் பெற்றது.

வாங்கும் முன் கணக்கு

புதியவர்கள் பெரும்பாலும் செலவில் தொடங்கி வாடகையில் முடிக்கிறார்கள். கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஓர் உதாரணம் பார்க்கலாம்.

கடைவீட்டின் விலை 600,000 ரிங்கிட். சொத்து மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 3 விழுக்காடு என்று கணக்கிட்டால் 12,000 ரிங்கிட். சீரமைப்புக்குக் குத்தகையாளர் சொன்ன விலை 200,000. வழக்கறிஞர் கட்டணத்தைத் தள்ளிவைத்தால் மொத்தம் 812,000. அந்தத் தெருவில் உண்மையாகக் கிடைக்கக்கூடிய வாடகை மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000 என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்துக்கு வருமானம் சுமார் 5.2 விழுக்காடு.

இப்போது சீரமைப்புச் செலவு 260,000 ஆகிறது, வேலையும் ஆறு மாதம் இழுக்கிறது. வருமானம் 4.8 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. பார்க்கச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் வங்கி கொடுத்த கடன் 480,000. அது கூடப் போவதில்லை. கூடுதல் 60,000-மும் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். கடனுக்கு ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 1,800. வாடகை வராத அந்த ஆறு மாதத்துக்கு 10,800. ஆக, கையில் 70,800 ரிங்கிட் ரொக்கம் இருந்தால்தான் வேலை முடியும். வேலை நிற்பது பெரும்பாலும் இந்த ரொக்கம் இல்லாமல்தான்.

ஆகவே வாடகையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு வருமானம் வேண்டும் என்றால், 42,000 வாடகைக்கு மொத்த முதலீடு 840,000-ஐத் தாண்டக் கூடாது. வீட்டு விலையும் முத்திரை வரியும் 612,000 போனால், சீரமைப்புக்கு உச்சவரம்பு 228,000. குத்தகையாளர் 200,000 சொன்னால் கைவசம் இருக்கும் பாதுகாப்பு 28,000, அதாவது 14 விழுக்காடு. புதுக் கட்டடத்துக்கு 10 விழுக்காடு போதும் என்பார்கள். பழைய கட்டடத்துக்கு 15 முதல் 20 விழுக்காடு ஒதுக்குவது நல்லது. அப்படிப் பார்த்தால் இந்த வீட்டுக்கு 600,000 விலையே சற்று அதிகம். பேசிக் குறைக்க வேண்டும், குறையாவிட்டால் விட்டுவிட வேண்டும். செலவைக் கட்டுப்படுத்தும் முதல் இடம் வாங்குகிற விலைதான்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

குத்தகையாளரோடு மூன்று விதமாகப் பேசலாம். மொத்தத் தொகை பேசினால், வரையறுத்த வேலைக்குப் பொருள் விலை ஏறினாலும் நட்டம் குத்தகையாளருக்கு. கூலி மட்டும் பேசிப் பொருளை உரிமையாளரே வாங்கிக் கொடுத்தால் ஏற்றம் உரிமையாளருக்கு. ஆன செலவோடு இவ்வளவு விழுக்காடு என்று பேசினால், செலவு ஏற ஏறக் குத்தகையாளரின் பங்கும் ஏறும். புதியவர் தவிர்க்க வேண்டியது இந்த மூன்றாவது முறை.

பழைய வீட்டுக்கு மொத்தத் தொகை மட்டும் போதாது. தெரியாத வேலைக்குக் குத்தகையாளர் பயந்து விலையைக் கூட்டிச் சொல்வார். அல்லது குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு 'கூடுதல் வேலை' என்று நீட்டுவார். இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் சிறு தொகை கொடுத்து, கூரையின் ஒரு பகுதியையும் தரையின் ஒரு மூலையையும் சுவர்ப் பூச்சையும் திறந்து பார்க்க வேண்டும். கட்டடக் கலைஞரோ பொறியாளரோ பார்த்து வேலைப் பட்டியல் எழுத வேண்டும். தெரிந்த வேலைக்கு மொத்தத் தொகை. தெரியாத வேலைக்கு அலகு விலை. கெட்டுப்போன மரச்சட்டம் அடிக்கு இவ்வளவு, சுண்ணாம்புப் பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்னமே எழுதி வைத்தால், பிறகு எத்தனை அடி என்பது மட்டும்தான் கேள்வி. விலையில் தகராறு வராது.

ஒரே பட்டியலை மூன்று குத்தகையாளரிடம் கொடுத்து விலை கேட்க வேண்டும். பட்டியல் இல்லாமல் கேட்ட மூன்று விலைகளை ஒப்பிடவே முடியாது. மிகக் குறைந்த விலை சொன்னவர் எதை விட்டுவிட்டார் என்று பார்ப்பது அவசியம். அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா, அவருடைய தரம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய வேலைக்கு ஒருவர் தகுதி உள்ளவர் என்பது அவருடைய தரத்தைப் பொறுத்தது.

பணம் கொடுப்பதில் தேதியைப் பார்க்கக் கூடாது, வேலையைப் பார்க்க வேண்டும். வீடமைப்புச் சட்டத்தின் தரை வீட்டு ஒப்பந்தமே இதற்கு முன்மாதிரி. கையெழுத்தின்போது 10 விழுக்காடு, அடித்தளம் முடிந்தால் 10, கட்டமைப்பு எழுந்தால் 15 என்று போய், கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் தங்குகிறது. பாதிப் பணத்தை முதல் நாளிலேயே கேட்கும் குத்தகையாளர், முன்பு எடுத்த வேலையின் கடனை இந்தப் பணத்தில் அடைக்கிறாரோ என்று சந்தேகிக்க இடமுண்டு. இறுதியில் 5 விழுக்காட்டைப் பிடித்து வைத்து, குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுப்பது நல்ல வழக்கம்.

கூடுதல் வேலை எதுவானாலும் விலையும் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே தொடங்க வேண்டும். 'செய்யுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்குத்தான் விலை அதிகம். அண்ணன் தம்பி சேர்ந்து முதலீடு செய்திருந்தால் குத்தகையாளருக்கு உத்தரவு கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

உரிமையாளரும் பணத்தை நிறுத்தி வைத்து மிரட்ட முடியாது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டுமானப் பணக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் உள்ள குத்தகையாளர் தமக்குச் சேர வேண்டியதை விரைவான தீர்ப்பு முறையில் கேட்கலாம். நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தைத் தான் மட்டும் குடியிருக்கக் கட்டும் தனிநபருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வாடகைக்கு விடக் கட்டுகிறவருக்கு இல்லை.

எங்கே குறைக்கலாம்?

பணம் இறுகும்போது கூரையிலும் தாங்கும் மரத்திலும் மின்கம்பியிலும் குழாயிலும் கைவைக்கக் கூடாது. இவை கெட்டால் மற்ற எல்லாமும் கெடும். உட்கூரை அலங்காரம், தடுப்புச் சுவர், சுவரோடு பொருத்தும் அலமாரி, விலையுயர்ந்த தரை ஓடு ஆகியவற்றைத் தள்ளிப் போடலாம். குளியலறையையும் சமையலறையையும் பழைய குழாய் ஓடும் இடத்திலேயே வைத்தால் செலவு மிச்சம். நல்ல நிலையிலுள்ள பழைய ஓடு, கதவு, மரப்படி ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் எண்ணிட்டு அடுக்கி வைத்தால் திரும்பப் பொருத்தலாம். மலாய்க்காரர்கள் 'செங்ஙால்' என்று சொல்லும் வைரம் பாய்ந்த மரத்தைப் புதிதாக வாங்குகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

காலமும் பணம்தான். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும். ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும். கூரை வேலையை வறண்ட மாதத்தில் வைக்க வேண்டும். அதே வேளையில் சீனப் புத்தாண்டை ஒட்டி வேலையாட்கள் விடுப்பில் போவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். விலை ஏறும் என்று பயந்து சிமெண்டை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவதும் தவறு. பினாங்கின் ஈரக் காற்றில் மூன்று மாதத்துக்குள் அது கட்டிபிடிக்கத் தொடங்கும்.

ரசீதும் ஒரு சேமிப்பு

சீரமைப்பு ரசீதுகளைப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். 2022 முதல் மலேசியக் குடிமக்கள் சொத்தை மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 20 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடும் சொத்து ஆதாய வரி உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. சொத்தின் மதிப்பை உயர்த்தச் செய்த செலவை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம், ரசீது இருந்தால். 40,000 ரிங்கிட் வேலைக்கு ரசீது இல்லாமல் நான்காம் ஆண்டில் விற்றால் 8,000 ரிங்கிட் வரி வீணாகப் போகும்.

நிறுத்தத் தெரிந்தவரே நிற்பார்

ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதத்தில் எந்நேரமும் பணம் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்றைத் தொடங்கியது. அவசரத்துக்கு உதவும் நல்ல ஏற்பாடு. ஆனால் வரம்பு மீறிய சீரமைப்புக்கு அதிலிருந்து கொஞ்சம், கடன் அட்டையிலிருந்து கொஞ்சம், மனைவியின் நகையிலிருந்து கொஞ்சம் என்று எடுக்கத் தொடங்கிவிட்டால் முடிவே இராது. போட்ட பணம் வீணாகுமே என்ற எண்ணம்தான் மேலும் பணத்தைப் போட வைக்கிறது. வரம்பை எட்டியதும் கூரையை மூடி, கதவைப் பூட்டி, மீதி வேலையை அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கும் துணிவு வேண்டும். கீழ்த்தளத்தை மட்டும் முடித்து வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மேல்தளத்தை முடிப்பதில் குறைவில்லை. அதற்கும் மாநகர் மன்ற அனுமதியை முன்கூட்டியே கட்டம் கட்டமாகத் திட்டமிட வேண்டும்.

இது முதலீட்டாளரின் பணத்தோடு முடிகிற செய்தியும் அல்ல. செலவு எல்லை மீறினால் அதை வாடகையில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பூக்கட்டுகிறவரும் தையற்காரரும் பொற்கொல்லரும் அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. அவர்கள் போன பிறகு கடை காலியாகக் கிடக்கும், கடன் மட்டும் ஓடும். அளவான செலவில் சீரமைத்த வீட்டுக்கு அளவான வாடகை போதும். அளவான வாடகை கேட்கும் வீட்டில் குடிக்கூலிக்காரர் நிலைத்திருப்பார். புதிய முதலீட்டாளர் வீட்டைப் பார்க்கப் போகும் முன், தம்முடைய வரம்பு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.